தொழுவமும் மருந்தும்: சிராங்கூன் சாலை உணர்த்தும் கால்நடைக் காப்பு வரலாறு

செல்வத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பழஞ்சொற்களுள் 'மாடு' என்பதும் ஒன்று. ஆநிரையின் எண்ணிக்கையைக் கொண்டே குடியின் வளத்தை அளந்த சமுதாயத்தில் இச்சொல் அப்பொருளைப் பெற்றதில் வியப்பில்லை. பகைவரின் ஆநிரையைக் கவர்தலும், கவரப்பட்டதை மீட்டலும் வெட்சி என்றும் கரந்தை என்றும் பெயர் பெற்றுப் புறத்திணை இலக்கணத்தில் இடம்பெற்றன. பகைவர் கவர்ந்து சென்ற மாட்டை வீரர் மீட்டு வரலாம். நோய் கவர்ந்து செல்லும் மாட்டை மீட்பவர் யார்?

மாந்த இனம் மாட்டைப் பழக்கிய நாள்தொட்டு இவ்வினா அதனைத் தொடர்ந்து வந்துள்ளது. இதற்கு விடைதேடிய நெடிய வரலாற்றின் ஒரு பகுதி, நாம் நாள்தோறும் நடந்து செல்லும் சிங்கப்பூர்த் தெருக்களில் புதைந்து கிடக்கிறது. கொள்ளைநோய்க் காலங்களில் கால்நடைகளையும் வீட்டு விலங்குகளையும் காப்பதற்கு நம் நாட்டு மருந்துகள் எவ்வளவு துணைநின்றன, எந்த இடத்தில் அவை போதாவாயின என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெருப்பெயர்களில் வாழும் மாடுகள்

தேக்காச் சந்தையை ஒட்டிய பகுதியில் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என இரண்டு சாலைகள் உள்ளன. முன்னது ஆங்கிலத்திலும் பின்னது மலாயிலும் எருமையையே குறிக்கின்றன. சற்றுத் தொலைவில் லெம்பு சாலை இருக்கிறது. லெம்பு என்பது மலாய்மொழியில் பசு, காளை ஆகியவற்றுக்குரிய பெயர். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம் என்பது பொருள். அவ்வட்டாரத்தில் 1924ஆம் ஆண்டு முதல் மகப்பேற்று மருத்துவமனையாக விளங்கிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையே இன்று கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனை என வழங்குகிறது. சிங்கப்பூரர் பல்லாயிரவர் பிறந்த மருத்துவமனையின் பெயருக்குள் ஓர் எருமைத் தொழுவம் ஒளிந்திருப்பதை இன்றைய மாணவர் பலர் அறியார்.

இப்பகுதி மாட்டு வணிகத்துக்கு ஏற்ற இடமாக அமைந்ததற்குக் காரணம் அதன் நில அமைப்பேயாகும். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் நீரும் புல்லும் குறைவின்றிக் கிடைத்தன. 1840களில் இங்கே குதிரைப் பந்தயத்திடலும் தோன்றியது. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் அதன் நினைவாக நிலைத்துள்ளது. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகரான ஐ. ஆர். பெலிலியோஸ் மாட்டு வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார். அவர் பெயரால் பெலிலியோஸ் சாலை இன்றும் விளங்குகிறது. தொழுவங்களிலும் அவற்றைச் சார்ந்த தொழில்களிலும் இந்தியர் பலர் உழைத்தனர். பாலுக்காக மட்டுமன்றி வண்டி இழுக்கவும், இறைச்சிக்கும், தோலுக்கும் மாடுகள் வேண்டப்பட்ட காலம் அது. குழாய்நீர் வருவதற்கு முன்னர் நகர மக்களின் தாகத்தைத் தணித்தவை மாட்டுவண்டிகளே. 'கிரேத்தா ஆயர்' என்னும் இடப்பெயரின் பொருள் தண்ணீர் வண்டி என்பதாம்.

சிராங்கூன் சாலைப் பகுதிக்குத் தமிழர் இட்டு வழங்கிய பெயர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்பது. இங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் அப்பெயர் வந்தது. வீரமாகாளியம்மன் கோயிலையும் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று மக்கள் அழைத்தனர். சுவருக்கும் வெற்றிலைக்கும் பயன்பட்ட அச்சுண்ணாம்பு, கால்நடைக் காப்பிலும் பெரும்பங்கு உடையது. அதனைப் பின்னர்க் காண்போம்.

நீர் தேங்கிய தாழ்நிலம், நெருக்கமான தொழுவம், கடல் கடந்து வந்திறங்கும் புதிய மாடுகள் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்துவிட்டால் நோய்க்கு வேறு அழைப்பு வேண்டுவதில்லை. மாட்டின் நலம் ஒரு குடும்பத்தின் பிழைப்பாக இருந்த அந்நாளில், ஒரு கறவை படுத்தால் ஒரு வீட்டின் அடுப்பு அணைந்தது. சதுப்புநிலம் தூர்க்கப்பட்டு நகரம் விரிந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாட்டுத்தொழில் இவ்வட்டாரத்தை விட்டுப் படிப்படியாக அகன்றது. தொழுவங்கள் மறைந்தன, பெயர்கள் எஞ்சின.

கப்பலேறி வந்த கைவைத்தியம்

தமிழகச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் துணிமூட்டையுடன் தம் மாட்டறிவையும் கொண்டு வந்தனர் எனக் கொள்வது பொருந்தும். அவ்வறிவு எளிதானதன்று. கால்நடை நோய்களுக்குத் தமிழில் உள்ள பெயர்களை நோக்கினாலே நம் முன்னோரின் கூர்மை விளங்கும். வாயிலும் குளம்பிடையிலும் புண் தோன்றினால் கோமாரி. மாடு திடீரென வீழ்ந்து மடிந்தால் அடைப்பான். தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் தொண்டை அடைப்பான். தொடைச் சதை வீங்கி நொண்டினால் சப்பை நோய். கோழி வெள்ளையாகக் கழிந்து சாய்ந்தால் வெள்ளைக்கழிச்சல். இவை ஒவ்வொன்றும் தனித்தனி நோய் என்பதை நுண்ணோக்கியின் உதவியின்றி, வெறுங்கண்ணால் பிரித்தறிந்தவர்கள் நம் உழவர்கள். இவ்வறிவைத் தொகுத்து 'மாட்டு வாகடம்' என்னும் பெயரில் ஏடுகளும் எழுதப்பட்டன.

வயிற்றுப் பொருமலுக்கு ஓமமும் பெருங்காயமும், புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும், பசியின்மைக்கு மிளகும் சீரகமும் இஞ்சியும் பயன்பட்டன. மருந்தை அரைத்து மூங்கில் குழாயில் இட்டு மாட்டின் வாயில் புகட்டுவர். அந்தி வேளையில் வேப்பிலையும் நொச்சியும் இட்டு மூட்டம் போடுவர். ஈயும் கொசுவும் தொழுவத்தை அண்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

மாட்டுப் பொங்கலை நாம் நன்றி நவிலும் நாளாகப் போற்றுகிறோம். கால்நடைக் காப்பு என்னும் நோக்கில் பார்த்தால் அது வேறொரு பயனையும் தருவது புலனாகும். அன்று மாட்டை நீர்நிலைக்கு ஓட்டிச் சென்று தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். அப்போது உண்ணியும் புண்ணும் கண்ணில் படுகின்றன. கொம்புக்கு வண்ணம் பூசும்போது தலையும் கண்ணும் பார்வைக்கு வருகின்றன. வாயில் பொங்கலை ஊட்டும்போது நாக்கும் ஈறும் தெரிகின்றன. தொழுவத்தின் பழைய சாணமும் குப்பையும் அகற்றப்படுகின்றன. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றால் காப்புக் கட்டுகிறோம். ஊரிலுள்ள மாடுகள் எல்லாம் ஒரே நாளில் உடையவரின் கையாலும் கண்ணாலும் சோதிக்கப்படும் ஏற்பாடு வேறு எந்த நாட்டிலேனும் விழாவாக அமைந்துள்ளதா என எண்ணி மகிழலாம்.

எனினும், பழமை என்பதாலேயே அனைத்தும் நன்மையாகிவிடாது. நோயுற்ற மாட்டுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் வழக்கமும் நம் ஊர்களில் இருந்தது. துன்புறும் உயிருக்கு மேலும் ஒரு புண்ணைத் தந்ததன்றி அதனால் விளைந்த நன்மை யாதும் இல்லை. முன்னோர் செய்தவற்றுள் கொள்ளத் தக்கதும் தள்ளத் தக்கதும் உள்ளன. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு வரலாறே நமக்கு உரைகல்லாகும்.

மருந்து தோற்ற இடம்

அவ்வுரைகல்லில் முதலில் உரைத்துப் பார்க்க வேண்டியது வெக்கை நோய். காய்ச்சல் கண்டு, வாய் புண்ணாகி, கடுங்கழிச்சல் ஏற்பட்டு, ஒன்றிரண்டு வாரங்களுக்குள் மாடு மடிந்துவிடும். நோயை முன்பு அறியாத மந்தையில் இது புகுந்தால் பத்தில் ஒன்பது மாடுகள்கூட அழிவதுண்டு. இதற்குக் காரணம் வைரஸ் எனப்படும் நச்சுயிரி. அதனை அழிக்கும் மருந்து நாட்டு மருத்துவத்திலும் இல்லை. மேலை மருத்துவத்திலும் இருந்ததில்லை. இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் பரவியபோது, போப்பாண்டவரின் மருத்துவரான லான்சிசி என்பவர், நோயுற்ற மாடுகளைக் கொன்று புதைத்தலும் மாடுகளின் போக்குவரவைத் தடுத்தலுமே வழி என்று அறிவுறுத்தினார். இத்தகைய பேரழிவுகளின் விளைவாகவே 1761ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1865இல் இங்கிலாந்தில் வெக்கை நோய் மீண்டும் புகுந்தது. பலவகை மருந்துகள் முயலப்பட்டன. எதுவும் பயன் தரவில்லை. மாடுகளின் நடமாட்டத்தைத் தடை செய்து, நோய் கண்டவற்றைக் கொல்லச் சட்டம் வந்த பின்னரே அது அடங்கியது.

ஆப்பிரிக்கா கண்ட அழிவு இன்னும் கொடியது. 1880களின் இறுதியில் இத்தாலியப் படையின் தேவைக்காகக் கடல்வழியே கொண்டுவரப்பட்ட மாடுகளுடன் வெக்கை நோய் கிழக்காப்பிரிக்காவில் கால்வைத்தது. அம்மாடுகள் இந்தியாவிலிருந்து சென்றவை எனக் கூறப்படுகிறது. பத்தாண்டுக்குள் நோய் கண்டத்தின் தென்முனைவரை சென்றது. உழவு மாடு இழந்த எத்தியோப்பியாவில் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியது. கப்பல் ஏறும் மாட்டுடன் நோயும் ஏறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. சிராங்கூன் சாலைத் தொழுவங்களும் அத்தகைய கடல் வணிகத்தை நம்பியே இயங்கியவை என்பதை நினைத்தால், அத்தொழுவங்களின் மீது தொங்கிக்கொண்டிருந்த வாள் எத்தகையது என்பது விளங்கும்.

இந்தியாவில் மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1871இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1889இல் பூனாவில் ஓர் ஆய்வகம் நிறுவப்பட்டு, பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1920களில் முக்தேசுவரத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ் என்பவர், நச்சுயிரியை ஆட்டின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி அதன் கடுமையைக் குறைத்துத் தடுப்பு மருந்து உருவாக்கினார். 1932இல் இராணிப்பேட்டையில் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தொடங்கப்பட்டது. 1954இல் இந்திய அரசு வெக்கை நோயை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி இட்டது. இங்கிலாந்து அறிஞர் வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய மேம்பட்ட தடுப்பூசி உலகெங்கும் பயன்பட்டது.

இந்தியாவில் இந்நோய் கடைசியாகத் தோன்றியது 1995இல், அதுவும் தமிழகத்தில். உலகின் இறுதி நோய்த்தாக்கம் 2001இல் கென்யாவில் காணப்பட்டது. 2011ஆம் ஆண்டில் வெக்கை நோய் உலகிலிருந்து அறவே ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. மாந்தரின் பெரியம்மைக்குப் பின் மண்ணுலகை விட்டு நீங்கிய இரண்டாவது நோய் இதுவே. நம் பாட்டன்மாரின் நாவில் சாபச்சொல்லாக வழங்கிய ஒரு நோய், நம் வாழ்நாளிலேயே வெறும் சொல்லாகிவிட்டது. அதனை ஒழித்தவை தடுப்பூசியும், பிரித்துவைத்தலும், இடைவிடாத கண்காணிப்புமே.

மருந்து வென்ற இடம்

அவ்வாறாயின் மஞ்சளும் மிளகும் வேம்பும் பயனற்றவையோ எனச் சிலர் வினவக்கூடும். அன்று. அவற்றுக்கு உரிய இடம் வேறு. அவ்விடத்தில் அவை இன்று புதுமதிப்புப் பெற்று வருகின்றன.

கறவை மாடுகளை வாட்டும் மடிநோயை எடுத்துக்கொள்வோம். இதற்குப் பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளே தரப்படுகின்றன. அம்மருந்தின் எச்சம் பாலில் கலக்கிறது. அளவுமீறிப் பயன்படுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. இவ்விடர்களைக் கண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி அவர்கள், தஞ்சைப் பகுதியில் வழங்கிய மரபு மருந்துகளைத் தொகுத்து, அளவுகளை வரையறுத்து, உழவர்க்குப் பயிற்றுவித்தார். கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, நீர்விட்டுக் கரைத்து, பாலைக் கறந்து கழுவிய மடியில் ஒரு நாளில் பலமுறை பூசுவது அம்முறை. இந்தியத் தேசியப் பால்வள வாரியம் இதனையும் இது போன்ற முறைகளையும் பல மாநிலங்களில் பரப்பி வருகிறது.

கோமாரி கண்ட மாட்டின் வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு ஆகியவற்றை வகைக்கு 10 கிராம் ஊறவைத்து, மஞ்சளும் பூண்டும் சேர்த்து அரைத்து, தேங்காய்த் துருவலும் வெல்லமும் கலந்து சிறிது சிறிதாக நாவில் தடவித் தருகின்றனர். புண்ணால் தீவனம் எடுக்க இயலாத மாடு இதனை விரும்பி நக்குகிறது. தோல் கழலை நோய் 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைப் பலிகொண்டபோது, வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் ஆகியவற்றை வெல்லத்துடன் அரைத்து ஊட்டும் முறையும், குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மஞ்சள், பூண்டு ஆகியவற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் புண்ணில் பூசும் முறையும் பரவலாகக் கையாளப்பட்டன.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை அழுத்தமாக மனத்தில் பதிக்க வேண்டும். மேற்சொன்ன மருந்துகள் நோயுற்ற விலங்கின் துன்பத்தைத் தணிக்கவும், புண்ணில் ஈ மொய்க்காமல் காக்கவும், உண்ணும் ஆர்வத்தை மீட்கவும் துணைபுரிபவை. அடுத்த தொழுவத்துக்கு நோய் செல்வதை அவை தடுக்கமாட்டா. அதற்குத் தடுப்பூசி வேண்டும். அதனால்தான் இந்திய அரசு 2019இல் கோமாரி ஒழிப்புக்கெனப் பெருந்திட்டம் தொடங்கித் தடுப்பூசி இட்டு வருகிறது. தோல் கழலைக்கு ஆட்டம்மைத் தடுப்பூசி பயன்படுத்தப்பட்டது. மருந்து அரைக்கும் அம்மியும் தடுப்பூசி போடும் ஊசியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அம்மி நோயாளிக்கு, ஊசி ஊருக்கு.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட சுண்ணாம்புக்கு வருவோம். மடிநோய்க் களிம்பில் அது மருந்தாகிறது. தொழுவத்தின் தரையிலும் சுவரிலும் பூசும்போது கிருமியை அழிக்கிறது. நோயால் இறந்த விலங்கை ஆழக் குழிதோண்டிப் புதைக்கையில் மேலும் கீழும் தூவப்படுகிறது. ஒரே பொருள் மருந்தாகவும் தூய்மையாகவும் காவலாகவும் மூன்று பணி புரிகிறது. முழுமையான கால்நடைக் காப்பு என்பதற்குச் சுண்ணாம்பைவிட எளிய விளக்கம் இல்லை. மருத்துவம், தூய்மை, விலக்கிவைத்தல் ஆகிய மூன்றும் கூடினால்தான் காப்பு முழுமை பெறும். மூன்றில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு முழுமை என்று பெயர் சூட்டுதல் பிழையாகும்.

நம் தீவு கற்ற பாடங்கள்

சிங்கப்பூரின் அண்மைக்கால வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. வெறிநாய்க்கடி நோய் ஒருகாலத்தில் இங்கே இருந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி இட்டும், தெருநாய்களைக் கட்டுப்படுத்தியும், வெளியிலிருந்து வரும் விலங்குகளைத் தனிமைப்படுத்தியும் அது விரட்டப்பட்டது. 1953ஆம் ஆண்டுக்குப் பின் இந்நோய் நம் நாட்டில் தலைகாட்டவில்லை.

1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் ஒரு புதுநோய் தோன்றி மனிதரையும் தாக்கியது. தொடக்கத்தில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. கொசுப்புகை அடித்தனர்; அந்நோய்க்குரிய தடுப்பூசியும் போட்டனர். சாவு நிற்கவில்லை. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் பரவிய நிப்பா நச்சுயிரியே காரணம் எனக் கண்டறிந்த பின்னரே உரிய வழி புலப்பட்டது. அதற்குள் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து லட்சத்துக்கும் குறையாத பன்றிகள் கொல்லப்பட்டன. 1999 மார்ச்சில் சிங்கப்பூரின் இறைச்சிக்கூடப் பணியாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் மாண்டார். மலேசியப் பன்றிகளின் இறக்குமதி உடனே நிறுத்தப்பட்டது. நோயை இன்னதென்று அறியாமல் செய்யும் மருத்துவம், அது எந்த மருத்துவமாயினும், இருட்டில் எறிந்த கல் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

நோய் விலங்கிடமிருந்து மனிதருக்கு வருவது போலவே மனிதரிடமிருந்து விலங்குக்கும் செல்லும். 2021 நவம்பரில் இரவு விலங்குத் தோட்டத்தின் சிங்கங்களுக்குக் கொவிட் தொற்றியது. அவற்றைப் பேணிய பணியாளரிடையே தொற்று இருந்தமை அறியப்பட்டது. 2022இல் தோல் கழலை நோய் சிங்கப்பூரின் பால்மாட்டுப் பண்ணையில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. தெருப்பெயர்களில் மட்டுமே மாடுகள் வாழ்வதாக எண்ணிய நமக்கு, லிம் சூ காங் பண்ணைகளில் உயிருள்ள மாடுகளும் இருக்கின்றன என்பதை அந்நோய் நினைவூட்டியது. பொங்கல் காலத்தில் லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, நம் குழந்தைகள் வியந்து தொட்டுப் பார்த்தவை அத்தகைய பண்ணை மாடுகளே.

வீட்டில் வளரும் உயிர்கள்

மாடு வளர்த்த நம் சமுதாயம் இன்று அடுக்குமாடி வீட்டில் பூனையும் நாயும் கிளியும் வளர்க்கிறது. 2024 செப்டம்பர் முதல் பூனைகளுக்கும் உரிமம் பெறும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. இவ்வுயிர்களுக்கு நோய் வரும்போது பாட்டியின் அஞ்சறைப் பெட்டி நினைவுக்கு வருவது இயல்பு. "பூனைக்குச் சளி பிடித்திருக்கிறது, பூண்டு இடித்துத் தரலாமா ஐயா?" என்று வகுப்பில் ஒரு மாணவி வினவினாள். அக்கேள்வியில் இருந்த அன்பு போற்றத்தக்கது. ஆனால் விடை, கூடாது என்பதே.

மாட்டுக்கு மருந்தாகும் பூண்டும் வெங்காயமும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சாகும். அவை குருதியின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. கற்பூரமும் வாசனை எண்ணெய்கள் பலவும் பூனைக்குத் தீங்கு தருபவை. உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நாட்டு மருந்துக்கு மட்டும் உரிய குறையன்று இது. நாம் காய்ச்சலுக்கு எளிதாக விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் போக்கிவிடும். அசைபோடும் மாட்டின் வயிறு வேறு, ஊன் உண்ணும் பூனையின் ஈரல் வேறு. நம் வாகட ஆசிரியர்கள் மாட்டுக்குத் தனியாகவும் குதிரைக்குத் தனியாகவும் யானைக்குத் தனியாகவும் நூல் செய்ததன் நுட்பம் இதுவே. ஒவ்வோர் உயிருக்கும் அதற்குரிய மருந்து என்பதுதான் மரபு. கண்ட மருந்தைக் கண்ட உயிருக்குத் தருவது மரபாகாது.

வெறிநாய்க்கடியைப் பற்றி மேலும் ஒரு சொல். சிங்கப்பூரில் இந்நோய் இல்லையென்றாலும், விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் நம் பிள்ளைகள் அங்கே நாயுடன் விளையாடுகின்றனர். நாய் கடித்தால் பச்சிலை கட்டுதலும் மந்திரித்தலும் ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தன. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு இட்ட தடுப்பூசியே இக்கொடுமைக்கு முதல் தடை போட்டது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டுத் தென்னாட்டு மக்களுக்கும் அந்நலன் கிட்டியது. கடித்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவதே வீட்டிலேயே செய்யத்தக்க சிறந்த முதலுதவி. அதன்பின் ஒரு நாளும் தாழ்த்தாமல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பச்சிலை தேடிக் கழித்த நாள்களால் உயிரை இழந்தவர்களின் கதை நம் ஊர்கள் பலவற்றில் உண்டு.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், உயிர் வளர்ப்போர்க்குரிய கடமைகள் நான்கெனலாம். நலமாக இருக்கும்போதே தடுப்பூசி இட்டு, இருப்பிடத்தைத் தூய்மையாக வைத்தல் முதலாவது. நோய்க்குறி கண்டவுடன் மற்ற உயிர்களிடமிருந்து பிரித்து வைத்தல் இரண்டாவது. கால்நடை மருத்துவரிடம் காட்டி நோயை இன்னதென்று அறிதல் மூன்றாவது. அவர் இசைவுடன், அவ்வுயிருக்குப் பொருந்திய நாட்டு மருந்தையும் நல்லுணவையும் அன்பான பேணுதலையும் தந்து துன்பம் தணித்தல் நான்காவது. இவ்வரிசை மாறினால் மருந்தே காலத்தாழ்வுக்குக் காரணமாகிவிடும். வரிசை காத்தால் பாட்டியின் மருந்தும் மருத்துவரின் மருந்தும் ஒரே பணியைச் செய்யும்.

நோயுற்ற மாட்டின் அருகே இரவெல்லாம் கண்விழித்து, மருந்தரைத்து, நெற்றி தடவி நின்ற தொழுவத்துத் தொழிலாளியின் பரிவை நாம் இழந்துவிடலாகாது. அவரிடம் இல்லாத தடுப்பூசியும் ஆய்வகமும் இன்று நம்மிடம் இருக்கின்றன. அவர் பரிவும் நம் அறிவும் ஒன்றுகூடும் இடத்தில்தான் வாயில்லா உயிர்களுக்கு முழுக் காப்புக் கிட்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கெர்பாவ் சாலை வழியே செல்லும்போது, அப்பெயரின் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். அப்பெயருக்குப் பின்னே நின்ற உழைப்பையும், அந்த உழைப்பு எதிர்த்து நின்ற நோய்களையும், அந்நோய்களுள் ஒன்றை உலகம் ஒழித்துக்காட்டிய வரலாற்றையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.